பொட்டு வைத்த விமானம்

மகனே,

இதை நீ படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். இப்போது உனக்கு ஒன்றே முக்கால். எனக்கு முப்பத்தொன்று. வளர்ந்த பிள்ளைக்குக் கடிதம் எழுதும் அப்பாக்கள் தலை நரைக்கும்வரை காத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. ஒரு கதையை நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது இன்னும் நன்றாகிக்கொண்டே போகிறது. இன்னும் இருபது வருடம் விட்டால் நானே அதை நம்பிவிடுவேன். கருவி பழுதாவதற்கு முன்பே அளவைக் குறித்து வைத்துவிட வேண்டும். அதனால் இப்போதே எழுதுகிறேன். நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கும் இதை அனுப்பப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஏன் ஊருக்கே காட்டுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

கதை உன் காதுக்கும் வந்திருக்கும். அப்பாவிடம் ஒரு விமானம் இருந்தது, அம்மா அதற்குப் பொட்டு வைத்தாள், விமானம் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். இங்கே கலிஃபோர்னியாவில், பிளசன்டனிலும் டப்ளினிலும் சான் ரமோனிலும் நாங்கள் சாப்பிடப் போன வீடுகளில் பெரும்பாலும் எல்லா இடத்திலும் இதைச் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது எனக்கு அத்துப்படி. சிரிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் உன் அம்மாவைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அவளும் புன்னகை செய்துகொண்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். அந்தக் கதை பொய். அதில் உள்ள ஒவ்வொரு தகவலும் சரி, கதைதான் பொய். உன் அம்மா அந்த விபத்துக்குக் காரணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாமல் போனால்கூட இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பிள்ளைதானே நீ.

விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு பேர் உட்காரலாம் என்று காகிதத்தில் இருக்கும். உண்மையில் இரண்டு பேரும் ஒரு கூடாரமும்தான். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். ரன்வே தேவையில்லை, ஆற்றங்கரைக் கூழாங்கல் மேலும் மலையோரப் புல்வெளியிலும் இறங்கி ஏறுவதற்காகவே செய்த வண்டி. நானும் சேவியர் அங்கிளும் சேர்ந்து எண்பத்து மூன்றில் டெக்சாஸிலிருந்து வாங்கினோம். சேவியர் தூத்துக்குடிக்காரன், மருத்துவமனைகளில் எக்ஸ்ரே மெஷின் பழுது பார்க்கிறவன், நான் சர்க்யூட் போர்டு டிசைன் செய்கிறவன். இரண்டு பேரும் வார நாளெல்லாம் ஜன்னல் இல்லாத அறையில் இருந்தோம். சனிக்கிழமையாவது உலகத்தை மேலிருந்து பார்க்கலாமே என்று ஆசை.

விமானத்தோடு ஒரு பழுப்பு ஃபோல்டர் வந்தது. லாக் புக்குகளில் மெக்கானிக்குகள் எழுதியது தனி. இது அதற்கு முன் அந்த விமானத்தை வைத்திருந்தவர்கள் தங்கள் கையால் எழுதிச் சேர்த்த தாள்கள். முதல் சொந்தக்காரர் அலாஸ்காவில் மீன் பிடிக்க வருகிறவர்களை ஏற்றிப் போனவர். ஒரு தடவை ஆற்றுத் திட்டில் மூக்குக் குத்தி நின்றிருக்கிறது. அவர் எழுதியிருந்தார்: "காற்று வந்த பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். சாப்பாடு எதிர்ப்பக்கம் இருந்ததால் இப்படி இறங்கினேன்." இரண்டாவது சொந்தக்காரர் டெக்சாஸில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர், எங்களுக்கு விற்றவர். வலது இறக்கை நுனியை உடைத்திருக்கிறார். அவர் எழுதியது: "வேலியில் மோதினேன். வேலி நான் போட்ட இடத்தில்தான் இருந்தது." அதைப் படித்துவிட்டு நானும் சேவியரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்படி எழுதுகிறவர்களிடமிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சேவியர் சொன்னான். மூன்றாவது தாளை எழுதப் போகிறவன் நான்தான் என்று அப்போது தெரியாது.

எண்பத்தைந்து அக்டோபர். ஆயுத பூஜை நடு வாரத்தில் வந்தது; இங்கே எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போகும் என்பது உனக்கே தெரியும். அந்தச் சனிக்கிழமை காலை உன் அம்மா காருக்குப் பொட்டு வைத்தாள், என் சால்டரிங் அயர்னுக்கு வைத்தாள், பிறகு விமானத்துக்கும் வைக்க வேண்டும் என்று சந்தனக் கிண்ணத்தோடு ஏர்ஃபீல்டுக்கு வந்தாள். நீ அவள் வயிற்றில் நான்கு மாதம். சேவியரும் வந்திருந்தான்.

"ஏல, சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லுத, சாமி காரியத்துல என்னல அவசரம்?" என்றான் என்னிடம்.

"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. காலைல காபியே நின்னுக்கிட்டுதான் குடிச்சார்" என்றாள் அம்மா.

"நான் சொன்னா கேட்கவா போறான்? நீ பொட்டு வை தங்கச்சி, நான் ஒரு ஜெபமாலை சொல்லிப்போடுதேன். ரெண்டு சைடும் கவர் ஆயிரும்." சொல்லிவிட்டு அவன் சுண்டல் பாத்திரம் எடுக்கக் காருக்குப் போனான்.

இனி வருவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா மூக்கில் வைத்தாள், இரண்டு சக்கரத்திலும் வைத்தாள். பிறகு இடது கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே காலணா அளவில் ஒரு வட்டத் தகடு உண்டு, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும்.

"ஏங்க, இங்க ஒரு வட்டம் இருக்கு, நடுவுல ஓட்டை. இது மேல வைக்கலாமா?"

நான் என்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஆயில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை எடுக்கவில்லை. "எங்க வேணா வை, சீக்கிரம் வை. காத்து எழும்புறதுக்குள்ள கிளம்பணும்."

அவள் வைத்தாள். வட்டத்துக்கு நடுவில், அழகாக, சந்தனத்துக்கு மேல் குங்குமம்.

அந்தத் துளை எதற்கு என்று சொல்கிறேன். விமானத்தின் வேகமானி சக்கரத்தைப் பார்த்து வேகம் சொல்வதில்லை. முன்னால் வந்து மோதுகிற காற்றின் அழுத்தத்தையும் பக்கத்தில் சும்மா இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறது. பக்கத்துக் காற்று உள்ளே வருவதற்குத்தான் அந்தத் துளை. அது அடைத்துக்கொண்டால், தரையில் ஓடும்போது முள் சரியாகத்தான் காட்டும். மேலே ஏற ஏற, குறைத்துக் காட்டிக்கொண்டே வரும். இது எனக்குத் தெரியாததல்ல. விமானம் ஓட்டும் உரிமத்துக்கான பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறேன். கிளம்புவதற்கு முன் ஓட்டுகிறவன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தத் துளை உட்பட எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலே இருக்கிறது. அன்று நான் சுற்றவில்லை. சுண்டல் சாப்பிட்டோம், வெயிலில் சந்தனம் காய்ந்தது, நானும் அம்மாவும் ஏறி உட்கார்ந்தோம். சேவியர் கீழே நின்று கையசைத்தான்.

தரையை விட்டு எழும்பிச் சில விநாடிகள்தான். முள் எழுபதிலிருந்து அறுபதுக்கு வந்தது, ஐம்பது, நாற்பது. விமானம் நின்றுபோய் இலை மாதிரி விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா ஹெட்செட்டில், "என்ஜின் சத்தம் மாறவே இல்லையே?" என்றாள். சரியான கேள்வி. அங்கிருந்த இரண்டு பேரில் அவள்தான் விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள், நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே உயரம் காட்டும் முள் தரை அளவிலேயே நின்றது. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், என்ன கோளாறு என்று புரிந்திருக்கும். "இப்ப பேசாதே" என்று சொல்லிவிட்டு, வேகம் கூட்ட மூக்கைக் கீழே அழுத்தினேன். நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை நானே தரைக்குக் கொண்டுவந்தேன். ரன்வே முடிந்து வேலிக்கு அப்பால் இருந்த வெற்று வயலில் வேகமாக இறங்கினோம். இடது சக்கரம் ஒரு வாய்க்காலில் சிக்கியது, சக்கரத்தைத் தாங்கும் கால் முறிந்தது, புரொப்பெல்லர் மண்ணில் குத்தி வளைந்தது, விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிறகு நிரப்பிய படிவத்தில் விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு என்று எழுதினேன். மூன்று என்று நீ திருத்திக்கொள்.

எனக்கு நெற்றியில் சின்னக் காயம். அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, பெல்ட் அழுத்திய இடத்தில் மட்டும் அடிவயிற்றில் குறுக்காக ஒரு சிவந்த கோடு. மருத்துவமனையில் உன் இதயத் துடிப்பைத் தேடினார்கள். அந்தக் கருவியின் இரைச்சலில் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி. நர்ஸ் சிரித்தாள். நான் அழுதேன். அம்மா அழவில்லை.

இரண்டாம் நாள் மெக்கானிக் போன் செய்தார். துளையை ஊசியால் குத்தி எடுத்ததாகவும், வந்த பொருள் தன் அத்தை வீட்டு சோப்பு மாதிரி வாசனை அடித்ததாகவும் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "அப்போ நான் வெச்சதுதானா?" என்றாள். மகனே, அதுதான் இடம். அங்கே நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: நீ கேட்டாய், நான் பார்க்காமல் வை என்றேன். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. நான் சொன்னது வேறு. "விடு, தெரியாம நடந்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றேன். பெருந்தன்மையாக அவளை மன்னித்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு கொடுப்பதைப் போல ஒருவரை வாயடைக்கச் செய்வது வேறில்லை. உன் வாழ்க்கையில் நீ யாரையாவது சட்டென்று மன்னிக்கும்போது, ஒரு நிமிடம் நின்று, கணக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்.

ஃபோல்டரில் என் தாளைச் சேர்த்தேன். "புறப்பட்டபின் வேகமானியில் தவறான அளவு ஏற்பட்டது. வெளிப்பொருளால் துளை அடைபட்டிருந்தது. விமானம் சேதமடைந்தது." மூன்று வாக்கியம், ஒன்றிலும் ஆள் இல்லை. அளவு தானாக ஏற்பட்டது, துளை தானாக அடைபட்டது, விமானம் தானாகச் சேதமடைந்தது. எங்கள் ஆபீஸில் போர்டு எரிந்துபோனாலும் இப்படித்தான் ரிப்போர்ட் எழுதுவோம், தப்பில்லாத நடை என்று பாராட்டுவார்கள். யார் செய்தது என்று கேட்டால் பதில் சொல்லாத வாக்கியத்தை எழுதக் கற்றுக்கொடுக்க யாரும் தேவையில்லை, தானாக வந்துவிடும். நீ எதை எழுதினாலும் செய்தவனை வாக்கியத்துக்குள் உட்காரவை. அது நீயாக இருக்கும்போது கட்டாயம் உட்காரவை.

ஆள் இல்லாத இடத்தில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துதான் தீரும். வெளிப்பொருள் என்றால் என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். சந்தனம் என்றேன், சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. நீ பிறந்து பெயர் வைத்த அன்றுகூடச் சொன்னேன். வந்திருந்த ஓர் ஆன்ட்டி, "இனிமே இவளைக் குழந்தைக்குப் பொட்டு வைக்க விடாதீங்கப்பா" என்றார். நானும் சிரித்தேன். அன்று காருக்குப் போகும்போது சேவியர் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "ஏல, தங்கச்சி மூஞ்சியப் பாத்தியா?"

"ஏன், அவளும்தான் சிரிச்சா."

"அது சிரிப்பால? போதும், இனி அந்தக் கதைய விடு."

விடவில்லை. அடுத்த மாதமே இன்னொரு வீட்டில் சொன்னேன். அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. அம்மா சுண்டல் செய்தாள், விளக்கு ஏற்றினாள், எதற்கும் பொட்டு வைக்கவில்லை. கார் வெறுமனே நின்றது. "ஏன்?" என்று கேட்டேன். "கழுவுறது கஷ்டம்ங்க" என்றாள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஆபீஸ் போனேன். இந்த வருடமும் வைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் சேவியருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. சரிசெய்து வைத்திருந்த விமானத்தை விற்க முடிவு செய்தோம். வாங்க வந்தவர் ரூத் என்கிற பெண்மணி, அறுபது வயது இருக்கும், கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தை அலாஸ்காவுக்கே திரும்பக் கொண்டுபோகப் போகிறேன் என்றார். பதிவில் அம்மாவின் பெயரும் இருந்ததால் அவளும் கையெழுத்துப் போட வந்திருந்தாள், நீ அவள் இடுப்பில். ரூத் ஃபோல்டரை எடுத்து விமானக் கொட்டகை வாசலில் வெளிச்சத்தில் நின்று ஒவ்வொரு தாளாகப் படித்தார். வேலித் தாளுக்குச் சிரித்தார். என் தாளை இரண்டு தடவை படித்தார்.

"வெளிப்பொருள் என்றால் என்ன?"

எனக்குக் கை வந்த கலை. பூஜை, கிண்ணம், வட்டத் தகடு, என் மனைவி, எல்லாவற்றையும் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். ரூத் சிரிக்கவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "நீங்கள் அதை வைக்கும்போது இவர் எங்கே இருந்தார்?" என்று கேட்டார். மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவர், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அம்மா உன்னை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அப்புறம் ஆங்கிலத்தில், மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்: "பக்கத்தில்தான் இருந்தார். வைக்கலாமா என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் வை என்றார்."

ரூத் என்னைப் பார்த்தார். சேவியர் தரையைப் பார்த்தான். நான் அம்மாவிடம் தமிழில், "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி.

"எனக்கு எப்பவும் ஞாபகம் இருந்துச்சு."

"அப்போ ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

ரூத்திடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, விமானத்தின் இறக்கைக்குக் கீழே பெட்டி ஒன்றின் மேல் வைத்து எழுதினேன். துளை மேல் வைக்கலாமா என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் வை என்றேன். புறப்படும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. என்ஜின் சரியாக ஓடுகிறது என்று அவள் சொன்னதையும் கேட்கவில்லை. பறந்துகொண்டிருந்த விமானத்தை நான் தரையில் இறக்கி உடைத்தேன். ரூத் படித்துவிட்டு, பழைய தாளைக் கிழிக்காமல் அதன் பின்னாலேயே இதையும் வைத்தார். இப்போதுதான் இந்த விமானத்தை நம்பி வாங்கலாம் என்றார். எனக்குப் பாரம் இறங்கியது போல் இருந்தது. திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் ஒரு பத்து நிமிடம் நான் மிகவும் நல்லவன்.

"எழுதிட்டேன் பாத்தியா?" என்றேன்.

அம்மா பின்சீட்டில் உனக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். "எழுதினீங்க. அந்தம்மா அதை எடுத்துக்கிட்டு அலாஸ்கா போறாங்க" என்றாள். "அலாஸ்காக்காரங்களா நம்ம வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க?"

அதனால்தான் மகனே, உனக்கு எழுதும் கடிதம் பொங்கல் மலரில் வருகிறது. சிரித்தவர்கள் எல்லாரும் அதை வாங்குவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் கொடுத்த கதைக்குத்தான் சிரித்தார்கள். இனி யாராவது உன் முன்னால் அதை ஆரம்பித்தால், சிரிப்பு வருமுன் குறுக்கே புகுந்து அம்மா கேட்டுவிட்டுத்தான் வைத்தாள் என்று சொல். மரியாதை இல்லாத பையன் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். நாளைக்கு உன்னோடு வாழப்போகிறவள் உன்னிடம் ஏதாவது கேட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார். நான் சொல்லக்கூடிய புத்திமதி அவ்வளவுதான். இதைக்கூட நான் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், இரண்டாவது தடவைதான் எழுந்தேன்.

எழுதி முடித்ததை நேற்று அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். கடைசியாக நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன், அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று. அதன் மேல் ஒரே கோடாக அடித்தாள்.

"ஏன்?"

"அதை நான் இன்னும் சொல்லலையே. சொல்லும்போது எழுதிக்குங்க" என்றாள். பிறகு தாள்களை அடுக்கி, மடித்து, உறைக்குள் போட்டு, சங்கத்து முகவரியை அவள் கையாலேயே எழுதினாள். உறையை ஒட்டும் முன் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் எழுதிச் சேர்க்கிறேன்.

அந்த வாக்கியம் இருந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

உன் அப்பா